மல்லிகைப் புயலில் இறந்தவர்

ஜமீலா பீவியைக் கப்பலேற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, ஜமால் முகம்மது தானே போட்ட டீயைத் தன்னாலேயே குடிக்க முடியாமல் தள்ளி வைத்துவிட்டு டிவியைப் போட்டார். ஆந்திரா பக்கம் போகிறேன் என்று நேற்றுவரை சத்தியம் செய்துகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ராத்திரியோடு ராத்திரியாக மனசை மாற்றிக்கொண்டு, புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே வந்து ஏறப்போகிறது என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தில் ஒரு வெள்ளைச் சுழி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுழிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவில் இருந்த நீலத்தில்தான் எங்கோ ஜமீலா இருந்தாள்.

கோட்டக்குப்பத்தில் கடல் என்பது தெரு முடிகிற இடம். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அந்த அலைச் சத்தத்தில் தூங்கி எழுந்த ஜமீலா ஒருநாளும் கடல்மேல் போனதில்லை. அவள் சேர்ந்திருந்த மகளிர் குழு சமோசா போட்டு விற்றுப் பேர் வாங்கியதற்காக, வங்கிக்காரர்கள் குழு முழுவதையும் ‘அலைமகள்’ என்கிற சுற்றுலாக் கப்பலில் இலவசமாக அனுப்பி வைத்தார்கள். கப்பல் கம்பெனி கொடுத்த புத்தகத்தை அவள் ஒரு வாரமாகப் புருஷனுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாள். புதுச்சேரியில் ஏறி நடுக்கடலுக்குப் போகலாம், பஃபே சாப்பாடு, மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரி. ஏறிவிட்டால் பாதியில் கப்பலைத் திருப்ப இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, கடலோர இயக்ககத்திலிருந்து வரும் புயல் எச்சரிக்கை. இன்னொன்று, பயணியின் வீட்டில் சாவு. “சாவுக்கெல்லாம் திருப்பறானாம், மரியாதை தெரிஞ்ச கம்பெனிதான்” என்று ஜமால் சொன்னபோது, அந்தப் புத்தகத்தாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள்.

ஷார்ஜாவில் ஒரு பேரீச்சம்பழக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர் ஜமால். அந்தக் காலமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, போன் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தது ஜமீலா. அது எப்படிப்பட்ட வேலை என்று ஜமாலுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் எண்ணை மறுபடி மறுபடி அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு குரல் சலிக்காமல் சொன்னது. பிரஷர் மாத்திரையைப் பையில் வைத்தோமா என்று யோசித்தார். வைத்தது ஞாபகம் வந்தது, ஆனால் பயம் போகவில்லை.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கே பேசிய பையன் மிகவும் பணிவானவன். சாருக்குப் பதற்றமே வேண்டாம் என்றான். இன்று இந்தக் கரையில் புயல் ஒத்திகை நடக்கிறது, ஆகவே புயல் சம்பந்தமாக எது காதில் விழுந்தாலும் அது ஒத்திகை என்று எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கவும் என்று இயக்ககத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். டிவியில் சொல்கிறார்களே என்றார் ஜமால். அதுவும் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றான் பையன். பிறகு ஜமால் தெரிந்த அவசர எண்களுக்கெல்லாம் போட்டுப் பார்த்தார். எல்லோரும் அன்பாகப் பேசி, இயக்ககத்தின் எண்ணைக் கொடுத்தார்கள். இயக்ககத்தின் எண்ணில் புயல் காலத்தில் செய்ய வேண்டியவை பற்றிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

கடலோர இடர் முன்தயாரிப்பு இயக்ககம் என்பது அதன் முழுப்பெயர். புயல் வந்த பிறகு ஓடுகிற பழைய பழக்கத்தை ஒழித்து, புயல் வருவதற்கு முன்பே ஓடவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பித்த நாளிலிருந்து அது தயாராகிக்கொண்டே இருக்கிறது. தயாராவதில் அதற்கு இருக்கிற ஈடுபாட்டைப் பார்த்தால், புயல் என்று ஒன்று நடுவில் வந்து அதைத் தொந்தரவு செய்வது அநியாயம் என்றே தோன்றும். தலைமை அலுவலகம் விழுப்புரத்தில் இருந்தது. ஜமால் பஸ் ஏறினார்.

விழுப்புரத்தில் இறங்கும்போதே காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. அலுவலகத்தில் காவலாளி ஒருவர்தான் இருந்தார். அதிகாரிகள், ஒயர்லெஸ், ஜீப் எல்லாமே விடியற்காலையில் திண்டிவனம் போய்விட்டதாகச் சொன்னார்.

“மத்தியானம் புயலு அங்கதான் கரையக் கடக்குது பாய்” என்றார்.

“திண்டிவனத்துல ஏதுங்க கடலு?”

“கொண்டாந்துட்டாங்க” என்றார் காவலாளி.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதை ஜமால் திண்டிவனம் போய்ச் சேர்ந்ததும் கண்ணால் பார்த்தார். ஒத்திகையைக் கடற்கரையில் நடத்தினால் பார்வையாளர் குழுவுக்கு உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை, மணல் வேறு பறக்கும். அதனால் திண்டிவனத்தில் ஓட்டம் இல்லாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கார் நிறுத்துமிடம் முழுவதும் நீலத் தார்ப்பாய் விரித்து, அதுதான் வங்காள விரிகுடா என்று பலகை வைத்திருந்தார்கள். மரக்காணம் கரையில் நிறுத்தியிருந்த ரப்பர் படகுகளை எல்லாம் லாரியில் ஏற்றி வந்து அந்தத் தார்ப்பாய் மேல் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மீட்புக் கயிறு, மிதவை, ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கேதான் இருந்தன. உண்மையான கரையில் அன்றைக்கு உண்மையான கடல் மட்டும் இருந்தது.

வரப்போகிற கற்பனைப் புயலுக்கு மல்லிகை என்று கமிட்டி போட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். வங்கக் கடலில் வந்துகொண்டிருந்த நிஜப் புயலுக்கு அதுவரை பெயர் வரவில்லை. இயக்ககத்தில் பெயரில்லாத புயலுக்கு மதிப்பில்லை.

மண்டபத்துக்குள் போக மூன்று வகை ஆட்களுக்குத்தான் அனுமதி என்றார்கள் வாசலில். அதிகாரி, பார்வையாளர், பாதிக்கப்பட்டவர். ஜமால் தான் பாதிக்கப்பட்டவர் என்றார். நல்லது என்று உள்ளே அனுப்பினார்கள். அங்கே அமலா என்கிற நர்சம்மா, முன்பு வரவேற்பில் சந்தனம், கல்கண்டு வைத்திருந்த மேஜையில் பஞ்சும் துணியும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காயம் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டி கப்பலில் இருப்பதை ஜமால் சொல்ல ஆரம்பித்தார். அமலா இரக்கத்தோடு கேட்டுக்கொண்டே அவர் தலையில் ஒரு கட்டுப் போட்டு, மணிக்கட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டி இறுக்கினார். மஞ்சள் என்றால் லேசான காயம். சிவப்பு என்றால் பலத்த காயம். கறுப்பு என்றால் இறந்தவர். கறுப்புக்குக் காலையிலேயே போட்டி முடிந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் ஃபேனுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருந்தால் போதும்.

மணமேடையில், மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில், சிறப்பு அலுவலர் முத்துசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய தொப்பி இருந்தது. மேளக்காரர்கள் உட்காரும் இடத்தில் ஒயர்லெஸ் கருவியோடு அலெக்ஸ் என்கிற ஆபரேட்டர். எதிரே முதல் வரிசையில் மாநிலப் பார்வையாளர் குழு, மடியில் மதிப்பெண் தாளோடு. போன வருஷம் முன்மாதிரி வட்டாரக் கேடயம் அரை மதிப்பெண்ணில் கைநழுவிப் போயிருந்தது. முத்துசாமியின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து, இவரும் நம்மைப்போல யாரையோ கடலில் விட்டிருக்கிறார் என்று ஜமால் முதலில் நினைத்துவிட்டார்.

மேடை ஏறி, கையைக் கட்டி, விஷயத்தைச் சொன்னார். முத்துசாமி கோபப்படவில்லை. புயல் வருவதை மறுக்கவும் இல்லை. வானிலை எச்சரிக்கை விடியற்காலையிலேயே வந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

“ஆனா பாருங்க பாய், இன்னைக்கு நாங்க எடுத்திருக்கிறது மல்லிகை. அது கரையக் கடந்து, அறிக்கை போயி, இயக்ககம் தயார் நிலையில இருக்குன்னு சான்றிதழ் வந்தப்புறம்தான் நாங்க வேற புயலத் தொட முடியும். தயாராகாத ஒரு இயக்ககம் புயலக் கையாண்டா அது பொறுப்பில்லாத செயல். நாளைக்குக் கேள்வி வரும்.”

அந்தப் புயல் நாளைவரை காத்திருக்காதே என்றார் ஜமால். அது புயலின் ஒழுங்கீனம் என்கிற மாதிரி முத்துசாமி உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அவர் மனிதாபிமானம் இல்லாதவர் அல்ல. கப்பலுக்குச் செய்தி அனுப்ப உடனே உத்தரவு போட்டார். ஜமாலுக்கு உயிர் வந்தது. அலெக்ஸ் கருவியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தெளிவாகச் சொன்னார்.

“இது ஒத்திகை, இது ஒத்திகை, இது ஒத்திகை. அலைமகள் கப்பல் கவனிக்கவும். தீவிரப் புயல் நெருங்குகிறது. உடனே துறைமுகம் திரும்பவும். இது ஒத்திகை.”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு கேப்டனின் உற்சாகமான குரல் வந்தது. செய்தி மிகத் தெளிவாகக் கிடைத்ததாகவும், ஒத்திகைக்குத் தங்கள் வாழ்த்துகள் என்றும், பயணம் திட்டப்படி தொடர்வதாகவும், காற்று சற்றுப் பலமாக இருப்பதால் பாட்டுக் கச்சேரி மட்டும் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாகவும் அது சொன்னது. முதல் வரிசையில் பார்வையாளர்கள் தாளில் குறித்துக்கொண்டார்கள்.

ஜமால் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முதல் வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். அது முடியவே முடியாது என்றார் முத்துசாமி. ஒத்திகை நாளில் ஒத்திகை என்று சொல்லாமல் எச்சரித்தால் மக்கள் நம்பிவிடுவார்கள். நம்பினால் பீதி. பீதியைத் தடுப்பதற்காகத்தான் இயக்ககமே இருக்கிறது.

மத்தியானம் ஆவதற்குள் வெளியே வானம் கறுத்துவிட்டது. மல்லிகை இன்னும் வரவில்லை. அதற்கான நேரம் நிகழ்ச்சி நிரலில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இருந்தது. ஆனால் பெயரில்லாத மற்றதின் கை அதற்குள் திண்டிவனம் வரை நீண்டுவிட்டது. மண்டபத்து வாசலில் போட்டிருந்த ஷாமியானாவைக் காற்று கம்போடு பிடுங்கிக்கொண்டு போனது. நீலத் தார்ப்பாய் எழுந்து நின்று படபடத்தது. வங்காள விரிகுடா ஒரு ஓரமாகச் சுருண்டுகொள்ள, அதன்மேல் நின்ற ரப்பர் படகு ஒன்று பறந்துபோய் எதிர்க்கடை பெயர்ப் பலகையில் மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையாளர் குழுவினர் தங்களை மறந்து கைதட்டினார்கள். தத்ரூபம் என்ற தலைப்பின் கீழ் இவ்வளவு மதிப்பெண் எந்த வட்டாரத்துக்கும் விழுந்ததில்லையாம். முத்துசாமி எழுந்து நின்று அடக்கமாகக் கும்பிட்டார். எல்லாம் குழுவின் உழைப்பு என்றார்.

இங்கே ஷாமியானா போனால் அங்கே என்ன ஆகிக்கொண்டிருக்கும். ஜமால் நடக்கிற இடத்திலேயே நடந்தார். தலையில் போட்ட கட்டு கண்ணுக்கு இறங்கியது, தூக்கிவிட்டுக்கொண்டார். யா அல்லா, அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வாய் முணுமுணுத்தது. இரண்டு முறை மேடையேறிக் கெஞ்சினார். இரண்டு முறையும் கப்பலுக்குச் செய்தி போனது, இரண்டு முறையும் வாழ்த்து வந்தது. கடைசி வாழ்த்தில் கேப்டனின் குரலில் பழைய உற்சாகம் இல்லை. அலை கொஞ்சம் அதிகம் என்று அவர் சொல்லும்போது பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் உயிரிழப்பு அறிவிப்பு வந்தது. அலெக்ஸ் கருவியை எடுத்து, குரலைத் தாழ்த்தி, திருவாமாத்தூரைச் சேர்ந்த ஒருவர் சுவர் இடிந்து இறந்துவிட்டதை ஆழ்ந்த வருத்தத்தோடு தெரிவித்தார். ஃபேனுக்கு அடியில் படுத்திருந்த அந்தத் திருவாமாத்தூர்க்காரர் தன் ஊர்ப் பெயரைக் கேட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஜமாலுக்கு ஏதோ உறைத்தது. மெதுவாக அலெக்ஸ் பக்கத்தில் போய்க் குந்தினார். இதற்கு மட்டும் ஏன் ஒத்திகை என்று சொல்லவில்லை என்று கேட்டார்.

அலெக்ஸ் முத்துசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்துச் சொன்னார். போன வருஷம் சாவுச் செய்திக்கும் அப்படித்தான் சொன்னார்களாம். ஒத்திகை ஒத்திகை என்று ஆரம்பித்து ஒரு சாவைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் துக்கமே வரவில்லை, உணர்ச்சி போதாது என்று பார்வையாளர்கள் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். கேடயம் போனது அதில்தான். அதனால் இந்த வருஷம் சாவுக்கு மட்டும் விதிவிலக்கு.

“இது கப்பலுக்குக் கேக்குமா?” என்றார் ஜமால்.

“கேக்கும் பாய். நாங்க சொல்றத கப்பல்ல ஸ்பீக்கர்ல போடணும்னு சுத்தறிக்கையிலேயே இருக்குது. விழிப்புணர்வுக்கு.”

ஜமால் எழுந்துகொண்டார். நேராக மேடைக்குப் போய், வெல்வெட் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

“சார், என்னைச் சாகடிச்சிடுங்க” என்றார்.

முத்துசாமிக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு சங்கடப்பட்டார். இறந்தவர்களின் எண்ணிக்கை மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியது, ஒருவர் கூடினாலும் விளக்கம் கேட்பார்கள் என்றார். தவிர, லேசான காயத்திலிருந்து ஒருவர் திடீரென்று சாவுக்குப் போக முடியாது, நடுவில் பலத்த காயம் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. “அவசரப்படாதீங்க பாய். உங்களுக்கு இன்னைக்குப் போட்டிருக்கிறது லேசான காயம். அதை நல்லபடியா செஞ்சீங்கன்னா, அடுத்த வருஷம் சாவுக்கு நானே சிபாரிசு பண்றேன்.”

ஷார்ஜாவில் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிப் பழகிய புத்தி ஜமாலுக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தது. யாரும் கூட வேண்டாம், ஒருவர் எழுந்துகொள்ளட்டும், அந்த இடத்தில் நான் படுத்துக்கொள்கிறேன், கணக்கு கணக்காகவே இருக்கும் என்றார். முத்துசாமி யோசித்தார். அதில் விதிமீறல் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. செத்தவர் யாராவது மனமுவந்து விட்டுக்கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. ஃபேன் காற்று அப்படி. கடைசியில் விருத்தாசலம் என்கிற நிலக்கடலை வியாபாரி, மார்க்கெட் கமிட்டி மூடுவதற்குள் அங்கே கிடந்த மல்லாட்டை மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்ற கவலையில் செத்தும் நிம்மதி இல்லாமல் புரண்டுகொண்டிருந்தவர், எழுந்து உட்கார்ந்தார். இடத்தை ஜமாலுக்குக் கொடுத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். அமலா மஞ்சளை வெட்டி எடுத்துக் கறுப்பை மாட்டினார். மாட்டும்போது அவருக்குக் கை தயங்கியது.

அலெக்ஸ் கருவியைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்தார். ஜமாலைக் கூப்பிட்டார்.

“பாய், நல்லா யோசிச்சிக்கோங்க. அங்க உங்க வீட்டம்மா கேப்பாங்க. அப்புறமா பொய்யின்னு சொல்றதுக்கு எனக்கு வழி கெடையாது. சொன்னா அதுக்கு முன்னால ஒத்திகைன்னு சேர்த்துத்தான் சொல்லணும்.”

ஜமால் பாயில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே ஜமீலா நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள் என்று மகள் ஷமீம் சொல்லியிருக்கிறாள். எந்தச் செய்திக்குப் பயந்து அத்தனை வருஷம் அவள் கிடந்தாளோ, அதே செய்தியை அவரே கையெழுத்துப் போட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது. பிரஷர் வேறு. இதைக் கேட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்காமல் இருந்தால் கடல் அவளை விடுமா? மண்டபத்தின் மேல் ஒரு தகரம் கழன்று டமடமவென்று அடித்துக்கொண்டது.

“சொல்லிடுங்க தம்பி” என்றார்.

“கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த ஜமால் முகம்மது அவர்கள் புயலில் சிக்கி உயிரிழந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். உறவினர்கள் உடலைத் திண்டிவனம் கல்யாண மண்டப முகாமில் பெற்றுக்கொள்ளவும்.”

அலெக்ஸின் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. முதல் வரிசையில் ஒரு பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு கேப்டனின் குரல் வந்தது, வாழ்த்து எதுவும் இல்லாமல். அந்தப் பெயர் தங்கள் கப்பலில் உள்ள ஒரு பயணியின் கணவருடையது என்றார். ஒப்பந்தத்தின்படி கப்பலை இப்போதே திருப்புவதாகச் சொன்னார். காரணம் கிடைத்த நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் அந்தக் கருவிக்குள் புகுந்தது. “ஷமீம் அத்தா” என்று மட்டும், வீட்டில் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே, அது கூப்பிட்டது. திரும்பத் திரும்ப அதையே கூப்பிட்டது.

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்துவதற்கு ஜமால் வாயைத் திறந்துவிட்டார். ஓர் எட்டு எட்டினால் கருவி. தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு பாயில் கவிழ்ந்து படுத்தார். இறந்தவரின் தோள் குலுங்குவதைப் பார்த்த முத்துசாமி, அசையாமல் இருக்கும்படி மேடையிலிருந்து சைகை காட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மல்லிகை வந்தது. குறித்த நேரத்தில் வந்து, சொன்ன வேகத்தில் அடித்து, ஒப்புதல் பெற்ற எண்ணிக்கையில் ஆட்களைக் கொன்றுவிட்டு, மரியாதையாகக் கரையைக் கடந்தது. இப்படி ஒரு புயலை யாராலும் குறைசொல்ல முடியாது. பார்வையாளர்கள் கேடயத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் காரின்மேல் ஒரு புளியமரம் விழுந்துகிடந்ததால் அவர்களால் கிளம்பத்தான் முடியவில்லை. முத்துசாமி நன்றியுரையில், தயார் நிலை என்பது ஒரு இலக்கல்ல, அது ஒரு வாழ்க்கைமுறை என்றார். மின்சாரம் போய்விட்டதால் மைக் இல்லாமல் கத்திச் சொன்னார்.

ஜமால் பாயை விட்டு எழவில்லை. உடல் ஒப்படைப்பு முடியும்வரை இறந்தவர்கள் எழக்கூடாது என்பது விதி. ஆனால் அவர் விதிக்காகக் கிடக்கவில்லை, கருவிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் கிடந்தார். கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டதா என்று அலெக்ஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார். துறைமுகத்து வாயிலில் அலை கப்பலை இரண்டு தரம் திருப்பித் தள்ளியது, மூன்றாம் தரம் உள்ளே வந்துவிட்டது என்று சாயங்காலம் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தப் படகும் அந்த வாயிலுக்குள் நுழைய முடியாதபடி கடல் எழுந்துவிட்டதாம். ஜமால் படுத்தபடியே இரண்டு கையையும் ஏந்தினார். பிறகு அவள் எண்ணை அழுத்தினார், அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அதே குரல் சொன்னது.

கப்பல் கம்பெனி தன் மரியாதையைக் கடைசிவரை காப்பாற்றியது. விதவையையும் அவளுடைய குழுப் பெண்களையும் ஒரு வேனில் ஏற்றி, விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, உடலை வாங்கிப்போகத் திண்டிவனத்துக்கே கொண்டுவந்து விட்டது.

ஜமீலா நனைந்த துணியோடு மண்டபத்துக்குள் வந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், வரிசையாகக் கிடந்த பாய்களில் ஒன்றிலிருந்து ஜமால் எழுந்து நின்றார். பெண்கள் அலறிவிட்டார்கள். ஜமீலா அலறவில்லை. கிட்டே வந்து, ஈரக்கையால் அவர் முகத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், தலைக்கட்டைப் பிரித்து உள்ளே காயம் இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். வரிசையாகச் சொல்ல வரவில்லை, ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முத்துசாமி கேடயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். “அம்மா, ஒயர்லெஸ்ல நீங்க அழுதீங்களே, அதுக்கு மட்டும் தனியா முழு மார்க். எங்க சர்வீஸ்ல இவ்ளோ தத்ரூபமா யாரும் அழுததில்ல. அடுத்த ஒத்திகைக்கும் நீங்க கண்டிப்பா வரணும்” என்றார்.

ஜமீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நெசமா ஒரு புயலு வந்தா நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?”

கூரையிலிருந்து கடைசித் தகரமும் கழன்று பறந்தது. மழை நேராக மணமேடையில் இறங்கியது. முத்துசாமி மேடைக்கு ஓடிப்போய் வெல்வெட் நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். “அதுக்குத்தாம்மா நாங்க எப்பவும் தயாரா இருக்கோம்” என்று பெருமையோடு சொன்னார்.

மல்லிகை முடிந்துவிட்டதால் இயக்ககம் இப்போது மற்றதைத் தொடலாம் என்று ஆகியிருந்தது. ஒலிபெருக்கி ஜீப் ஒன்று கடற்கரைப் பக்கம் கிளம்பியது. காலையில் பதிவு செய்து வைத்திருந்த ஒரே எச்சரிக்கைதான் அதில் இருந்தது. இது ஒத்திகை, இது ஒத்திகை, மக்கள் உடனே மேடான இடங்களுக்குச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டே அது மழைக்குள் போனது. அதைக் கேட்டதும் குழுப் பெண்கள் ஆளுக்கொரு போனை எடுத்து, வீட்டில் இருந்தவர்களிடம் நெசம், நெசம் என்று அடித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மணிக்கட்டில் இருந்த கறுப்புப் பட்டையைக் கழற்ற ஜமால் இழுத்து இழுத்துப் பார்த்தார். கத்தரிக்கோல் ஒத்திகைச் சாமான்களோடு சேர்த்துப் பூட்டப்பட்டுவிட்டது. ஜமீலா அவர் கையைத் தன்பக்கம் இழுத்து, பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள். துப்பிவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நாளைக்கு நெசமாவே ஒங்களுக்கு ஒண்ணுன்னு யாராவது வந்து சொன்னாங்கன்னு வச்சிக்கோங்க. நான் அடுப்பக்கூட அணைக்கமாட்டேன். சமைச்சிக்கினுதான் இருப்பேன்.”